யாரிடம் வாங்கினார்?

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்பாதீர்கள். மூன்று தடவை பார்த்துவிட்டேன். கல் பங்களா முன்னால் நின்றுகொண்டு அந்தத் தம்பி சொல்கிறார்: "200 வருஷத்துக்கு முன்னாடி இங்க ஈ, காக்கா கிடையாது. சல்லிவன் துரை வந்துதான் ஊட்டியைக் கண்டுபிடிச்சாரு." கீழே வரிசையாக இதயங்கள். ராத்திரி தூக்கமே வரவில்லை.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு வந்தது 1819இல். இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களிடம் நிலம் வாங்கித்தான் 1822இல் அந்தக் கல் வீட்டைக் கட்ட ஆரம்பித்தார். ஆளே இல்லாத மலையில் யாரிடம் வாங்கினார்? அதை மட்டும் சொல்லுங்கள். 1603லேயே ஃபினிசியோ என்ற பாதிரியார் மேலே வந்து, தோடர்களையும் எங்கள் படுகர்களையும் பார்த்து எழுதி வைத்திருக்கிறாரே, அவர் பார்த்தது யாரை?

ஐந்தாம் வகுப்பில் "ஊட்டியைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று ஒரு மார்க் கேள்வி. சரியாக எழுதிவிட்டேன் என்று ஓடிவந்து என் ஹெத்தையிடம், அதாவது பாட்டியிடம், பேப்பரைக் காட்டினேன். உருளைக்கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "அந்தத் துரைக்கு வழி காட்டினது யாரு கண்ணு?"

ரயில் யார் போட்டது என்பீர்கள். 1899இல் குன்னூர் வரை, 1908இல் ஊட்டி வரை போட்டார்கள், சரி. பாறை உடைத்த கூலிகளில் ஒருவர் பெயர்கூட எந்த ஸ்டேஷனிலும் என் கண்ணில் பட்டதில்லை.

நன்றி கெட்டவர்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் வலித்தது. துரை கொண்டுவந்த காய்கறியில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது, நான் மறைக்கவில்லை. தோடர்களுக்கு நில உரிமை உண்டென்று தன் அரசோடே வாதாடியவரும் அவர்தான். செயின்ட் ஸ்டீபன் சர்ச்சில் அவர் மனைவி ஹென்றியெட்டாவின் கல்லறைப் பக்கம் நின்று நானும் கலங்கியிருக்கிறேன். இங்கே மனிதர்கள் இருந்தார்கள் என்று சொன்னவரையே வெறுங்காட்டைக் கண்டுபிடித்தவர் ஆக்குகிறீர்களே, அது அவருக்குச் செய்கிற அநியாயம் இல்லையா?

வெறும் வார்த்தைதானே, விடு என்கிறார்கள். எப்படி விடுவது? வார்த்தையில்தான் எல்லாம் போனது. எருமை மேய்ந்த புல்வெளிக்குத் 'தரிசு' என்று பெயர் வைத்தார்கள். தரிசென்று ஆனபின் கேட்பாரில்லை. சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் நிறுத்தவில்லை, இன்னும் கூடுதலாகவே நட்டோம்.

இன்று காலை மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், இருக்கும் என் பள்ளித் தோழனுக்கு போன் செய்து கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டான். கோயில் கூரை மாற்ற வேண்டுமாம். அதற்கென்று ஒரு புல் இருக்கிறது, சதுப்பில்தான் முளைக்கும். முன்பெல்லாம் மந்துக்குக் கீழேயே அறுப்பார்களாம். இப்போது ஆள் சேர்த்துக்கொண்டு வண்டி வைத்துப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கட்டுச் சுமக்க நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.