200 ரூபாய் டிக்கெட் தமிழ்ப் படத்துக்கு எதிரி இல்லை

கர்நாடக அரசு சினிமா டிக்கெட்டுக்கு 200 ரூபாய் உச்சவரம்பு கொண்டுவந்தபோது, பெங்களூரில் நம்மவர்கள் பலர் அதைத் தமிழ்ப் படங்களுக்கு வைத்த ஆப்பு என்றுதான் பேசினார்கள். எனக்கு அப்போதும் அப்படித் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. இந்த ஊரில் அந்த 200 ரூபாய் யாருக்காவது அவசரமாகத் தேவை என்றால் அது நமக்குத்தான்.

நடந்தது இதுதான். 2025 மார்ச் பட்ஜெட்டில் முதல்வர் சித்தராமையா அறிவித்தார். செப்டம்பரில் விதி வந்தது. எந்த மொழிப் படமானாலும், மல்டிப்ளெக்ஸ் உட்பட எந்தத் தியேட்டரானாலும் வரி நீங்கலாக 200. எழுபத்தைந்து இருக்கைக்கு மேற்படாத சொகுசு அரங்குகளுக்கு மட்டும் விலக்கு. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. 2017-லும் இதே 200 வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. இந்த முறை வழக்குக்குப் போனவர்களில் மல்டிப்ளெக்ஸ்காரர்களோடு ஒரு பெரிய கன்னடத் தயாரிப்பு நிறுவனமும் இருந்தது. அவர்கள் கன்னடப் படத்துக்கு எதிரிகளா என்ன? பெரிய படம் எடுப்பவர்களுக்கு விலை ஏற ஏற லாபம். இதில் மொழி எங்கே வந்தது?

ஒரு பெரிய தமிழ்ப் படத்தின் கர்நாடக உரிமையை இங்கே ஒரு விநியோகஸ்தர் எம்.ஜி (படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் திரும்பாத உத்தரவாதத் தொகை) கொடுத்தோ அட்வான்ஸ் கொடுத்தோ வாங்குகிறார். மல்டிப்ளெக்ஸ் வசூலில் அவருடைய ஷேர் முதல் வாரம்தான் அதிகம், பாதியை ஒட்டி வரும். வாரம் போகப் போகக் குறையும். நாலு வாரத்தில் படம் ஓடிடிக்கும் வந்துவிடுகிறது. அப்புறம் அவர் என்ன செய்வார்? போட்ட காசை வெள்ளி, சனி, ஞாயிறுக்குள் எடுக்கப் பார்ப்பார். விடியற்காலை ஆறு மணிக் காட்சிக்கு 800, 1000 என்று விலை வைப்பது இப்படித்தான். அந்த விலைக்கும் ஹால் நிரம்பியது என்று தெரிந்தால், அடுத்த படத்துக்கு உரிமை விலை ஏறும். அதைக் காட்டி ஹீரோ சம்பளம் ஏறும். அதை ஈடுகட்ட மறுபடியும் நம் டிக்கெட்தான் ஏறும்.

தமிழ்நாட்டில் அரசு வைத்த வரம்பு இருப்பதால் சென்னை மல்டிப்ளெக்ஸில் டிக்கெட் வரியோடு 200 ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். அதே படம், அதே நாள், இங்கே நாலு மடங்கு.

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், தர்மபுரிக்காரர். போன தீபாவளிக்குப் பிள்ளைகள் கேட்டார்களே என்று டிக்கெட் செயலியைத் திறந்து என்னிடம் நீட்டினார். காலி இருக்கையைக் காட்டும் பச்சைக் கட்டமெல்லாம் 650. திரைக்கு ஒட்டிய, கழுத்து வலிக்கும் முதல் இரண்டு வரிசை மட்டும் 400. நாலு பேருக்குப் போட்டுப் பார்த்தார். 18 சதவீத ஜிஎஸ்டி, முன்பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து மூவாயிரத்தைத் தாண்டியது. போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் குடும்பத்தோடு பஸ் ஏறி ஓசூரில் போய்ப் பார்த்தார்கள். அதே நாள் ஓசூரிலிருந்து பையன்கள் விடியற்காலைக் காட்சிக்காக எல்லையில் உள்ள அத்திப்பள்ளி தாண்டி இங்கே வருகிறார்கள், தமிழ்நாட்டில் காலை ஒன்பது மணிக்கு முன்னால் காட்சி கிடையாதே. ரசிகனின் அந்த மூன்று மணி நேர அவசரத்துக்கு ஒரு விலை வைத்து, அதையே ஊருக்கெல்லாம் விலையாக்கிவிட்டார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் சின்னப் படங்களைப் பற்றி. மாதத்துக்கு ஒரு படம் என்று காசு ஒதுக்கும் வீட்டில், அந்தக் காசு முழுக்கப் பெரிய படத்தின் முதல் நாளுக்கே போய்விடுகிறது. அடுத்த வாரம் வரும் நல்ல படத்துக்கு ஒயிட்ஃபீல்டில் காலை பத்தே முக்காலுக்கு ஒரு காட்சி, பன்னேர்கட்டா சாலையில் இரவு பதினொரு மணிக்கு ஒன்று. வேலைக்குப் போகிறவன் எதற்குப் போவான்? திங்கட்கிழமை பார்த்தால் அதுவும் இருக்காது. 'ஆள் வரவில்லை, எடுத்துவிட்டோம்' என்பார்கள். முன்பு பிளாசா, லிடோ என்று தனித் தியேட்டர்கள் இருந்த ஊர் இது. 2024-இல் காவேரியும் மூடிவிட்டது. ஷாப்பிங் மால்களை விட்டால் படம் பார்க்க வேறு இடம் குறைந்துகொண்டே வருகிறது.

200 வைத்தால் பெரிய படம் எடுக்க முடியாது என்கிறார்கள். தமிழ்நாட்டு விலையிலேயே தமிழ் சினிமாவின் பெரிய படங்கள் இத்தனை வருடமாக எடுக்கப்படுகின்றன. சொகுசாகப் பார்க்க வசதி உள்ளவர்களுக்கு அந்தச் சின்ன அரங்குகள் இருக்கவே இருக்கின்றன, அங்கே என்ன விலை வேண்டுமானாலும் வைக்கட்டும்.

இந்த வழக்கு மேலே எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும், பெங்களூரில் உள்ள தமிழ் அமைப்புகள் இந்த 200-ஐ ஆதரித்து வெளிப்படையாக ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும், கன்னட ரசிகர் அமைப்புகளோடு சேர்ந்தே கொடுக்கலாம். யாராவது மனு எழுதினால் கையெழுத்துப் போட நான் வருகிறேன், அந்த ஆட்டோ அண்ணனும் வருகிறேன் என்றிருக்கிறார்.