கீபோர்டு வாங்கப் பணம் இருக்கிறது, கொயர் மாஸ்டரைப் படிக்க அனுப்ப மட்டும் இல்லை

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் ஒரு வழக்கம். கீபோர்டில் இரண்டு கட்டை ஒட்டிக்கொண்டால் போதும், அடுத்த சேகரக் கமிட்டியிலேயே புதுசு வாங்கத் தீர்மானம் போட்டுவிடுவார்கள். மைக், மிக்சர், கொயருக்கு, அதாவது பாடகர் குழுவுக்கு, ஒரே கலரில் சேலை என்று எது கேட்டாலும் "நான் தாரேன்" என்று ஒருவர் எழுந்திருப்பார், மிச்சம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்துவிடும். கொயர் மாஸ்டரை ஒரு வாரம் எங்காவது பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டுப் பாருங்கள், "அவருக்குத் தெரியாததா" என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள், செலவு மிச்சம் என்ற கணக்கும் அதற்குள் இருக்கிறது.

அவருக்கு வாசிக்கத் தெரியும், சந்தேகமே இல்லை. லண்டன் டிரினிட்டி இசைப் பரீட்சையில் நாலைந்து கிரேடு முடித்திருப்பார், தாளைப் பார்த்த உடனே வாசிப்பார். ஆனால் அந்தப் பரீட்சை சோதித்தது அவருடைய பத்து விரலை. எதிரே நிற்கும் முப்பது தொண்டையை எப்படி நடத்துவது என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

பாட்டு தொடங்குவதற்கு முன்னால் மாஸ்டர் கையால் போட்டுக் காட்டும் அந்த ஒரு தாளத் தட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன வேகம், எவ்வளவு சத்தம், எங்கே மூச்சு, மூன்றையும் அந்த ஒரு அசைவுதான் சொல்ல வேண்டும். மாஸ்டர் தோளைத் தூக்கிக் கையை விசிறினால் எதிரே நிற்பவர்களுக்கும் தோள் ஏறும், மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடும், இரண்டாம் சரணத்துக்குள் சோப்ரானோ, அதாவது மேல் குரல் பெண்களின், சுருதி இறங்கும். உடனே அவர் "சத்தமாப் பாடுங்க" என்பார், இன்னும் இறங்கும். இதைத் திருத்த வெளிநாட்டுப் பட்டம் எல்லாம் வேண்டாம், தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று இரண்டு நாள் கையைப் பார்த்துச் சொன்னால் போதும். அப்புறம் நம் பிராக்டிஸ் நடக்கும் விதம்: டெனருக்கு (ஆண்களின் மேல் குரல்) அரைமணி நேரம் பார்ட், அதாவது அவர்கள் பாட வேண்டிய தனி மெட்டு, எடுப்பார், அதுவரை ஆல்டோ (பெண்களின் கீழ்க் குரல்) மொத்தமும் வாட்ஸ்அப்பில் இருக்கும். அந்த நேரத்தில் மற்றவர்களை வாயை மூடி மெல்ல 'ம்' என்று தங்கள் பார்ட்டை முனகச் சொல்லலாம் என்பதுகூட யாராவது காட்டித்தந்தால்தான் தெரியும்.

சுரங்களை டோ, ரே, மி என்று எழுத்தில் எழுதிப் பாடும் சோல்ஃபாவை நாமே கைவிட்டுவிட்டோம், அது தனிக் கவலை. இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கி, 19-ம் நூற்றாண்டில் ஜான் கர்வன் பரப்பிய முறை அது. கோடு போட்ட நொட்டேஷன் படிக்காத சாதாரண ஜனங்களும் நாலு குரலில் பாட வேண்டும் என்பதுதான் நோக்கம். ஹங்கேரியில் இசையமைப்பாளர் கோடாய் வழி வந்தவர்கள் அதையும் அதன் கைச் சைகைகளையும் பள்ளிக்கூடப் பாடமாகவே ஆக்கினார்கள். நம் சபைகளிலோ சோல்ஃபா பார்த்துப் பாடும் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள், இளசுகள் யூடியூபில் பார்ட் டிராக் கேட்டு மனப்பாடம் செய்கிறார்கள். இத்தனைக்கும் 'டோ' எங்கே வேண்டுமானாலும் நகரும் என்பது, எந்தக் கட்டையிலும் ஷட்ஜம் வைத்துப் பாடும் நமக்குப் புதிதே இல்லை.

ராகத்தில் அமைந்த நம் தமிழ்க் கீர்த்தனைக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். மோகன ராகத்தில் மத்திமமும் (ம) இல்லை, நிஷாதமும் (நி) இல்லை. சி கட்டையில் பாடினால் சி மேஜர், ஏ மைனர் என்ற கார்டுகள் (சேர்த்து அழுத்தும் சுரக் கூட்டங்கள்) ராகத்துக்குள்ளேயே கிடைக்கின்றன, ஆனால் விரல் பழக்கத்தில் எஃப் மேஜரை அழுத்திய அந்த நொடியில் மத்திமம் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்தோள ராகத்தில் பஞ்சமமே (ப) கிடையாது, அதில் போய் பஞ்சமம் உள்ள சி மைனர் வைத்தால் அது இந்தோளம் இல்லை. தெரிந்தே வைப்பது வேறு, அதை ரசிக்கலாம். தெரியாமல் வைப்பதுதான் ஞாயிறுதோறும் நடக்கிறது. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் 1970களிலேயே சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழு வைத்து, பாரதி பாட்டைப் பல குரலில் பாட வைத்தார். தமிழ்ப் பாட்டுக்கு எந்தக் குரல் எங்கே பிரியலாம் என்று இங்கேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். நம் கொயர் மாஸ்டர்களில் எத்தனை பேர் அதை உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்?

பையன்கள் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். பதின்மூன்று வயதில் குரல் உடைய ஆரம்பித்ததும் "கொஞ்ச நாள் பாடாதே" என்று பின் பெஞ்சுக்கு அனுப்புகிறார்கள், அவன் அப்படியே கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறான், அப்புறம் டெனருக்கு ஆள் இல்லை என்று புலம்பல். குரல் மாறுவது படிப்படியாக நடக்கும் என்றும், ஒவ்வொரு கட்டத்திலும் பாடக்கூடிய சின்ன எல்லை ஒன்று உண்டு என்றும் அமெரிக்காவில் குரல் மாற்றத்தை ஆராய்ந்த ஜான் குக்ஸி 1970களிலேயே எழுதிவிட்டார். அந்தப் பையனுக்கு ஐந்தாறு சுரத்துக்குள் ஒரு வரி எழுதிக்கொடுத்தால் போதும், கொயரிலேயே இருப்பான். அமெரிக்காவில் கொயர் நடத்துபவர்களுக்கென்று 1959-லேயே ஒரு தேசியச் சங்கம் வைத்துவிட்டார்கள், மாநாடும் பத்திரிகையும் அதிலேயே. சென்னையில் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் என்ற கொயர் 1893-லிருந்து பாடுகிறது, ஆக இந்த ஊருக்குக் கொயர் புதிது என்றும் சொல்ல முடியாது.

சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்கில் பாட்டுச் சொல்லித்தரும் டீச்சரம்மாவும் இந்தப் பயிற்சிக்குப் போக வேண்டும். அவரை யாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவதில்லை, ஆனால் கொயருக்கு வரும் அத்தனை குரலும் முதலில் அவர் கையில்தான் இருந்தது.

பெரிய சபைகள் நாலைந்து சேர்ந்தால் மே மாதம் ஒரு வாரம் நல்ல பயிற்றுநரை வரவழைக்கலாம். நம் கொயர் மாஸ்டர்கள் பலரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள், அவர்களுக்கு அப்போதுதான் லீவு. புதுக் கீபோர்டை ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் செலவும் சரியாகிவிடும். இதைச் சொன்னதும் ஒரு கமிட்டி மெம்பர் கேட்டார்: "படிக்க வச்சா பெரிய சர்ச்சுக்குப் போயிருவாரே?" போனால் போகட்டும் ஐயா, போகாமல் இருக்க இப்போது என்ன கொடுக்கிறோம்? கிறிஸ்மஸுக்கு ஒரு வேட்டி சட்டை, சபை நாளில் ஒரு பொன்னாடை. அந்தப் பொன்னாடையும் போன வருஷம் வேறு யாருக்கோ போர்த்தியதாக இருக்கும்.