லைபோசக்‌ஷன் எடை குறைக்கிற ஊசி இல்லை

"காலையில் ஹட்டனில் பஸ் ஏறி கொழும்புக்குப் போனால் ஊசி போட்டுக் கொழுப்பைக் கரைத்து 15 கிலோ குறைத்துவிடுவார்கள், சீனி வருத்தமும் போய்விடும், இரவே வீடு வரலாம்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இல்லை அண்ணன், லைபோசக்‌ஷன் என்பது அறுவைச் சிகிச்சை.

தோலில் சின்ன வெட்டுகள் போட்டு, உப்புநீரில் லிடோகெயினும் அட்ரினலினும் கலந்து உள்ளே நிறையச் செலுத்துவார்கள். முதலாவது மரத்துப்போகச் செய்யும், மற்றது இரத்தக் குழாய்களைச் சுருக்கி இரத்தப்போக்கைக் குறைக்கும் (1980களில் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் கொண்டுவந்த முறை). அப்புறம் மெல்லிய குழாயை உள்ளே விட்டு, முன்னும் பின்னும் அசைத்துக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். 5 லிட்டருக்கு மேல் எடுத்தாலே பெரிய அளவு என்று கணக்கு, ஆபத்தும் கூடும். பிறகு 15 கிலோ எங்கிருந்து வரும்?

எடுப்பதும் தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பை மட்டும்தான். சீனி வருத்தத்தோடு அதிகம் தொடர்புள்ளது குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பு, அதை இந்தக் குழாய் தொடாது.

சிலரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவது உண்மைதான். ஆனால் சில வாரங்களுக்கு வீக்கம், இறுக்கமான உடுப்பு எல்லாம் இருக்கும், காலில் இரத்தம் உறையும் அபாயமும் உண்டு. அந்த நிலையில் ஹட்டன் வழியில் இருக்கிற கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் மடங்கி உட்கார்ந்து வரச் சொல்கிறீர்களே! மூச்சு முட்டினாலோ ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதையும் சேர்த்து எழுதுங்கள்.