லினக்ஸ் படித்தால் வேலை கிடைக்காதாம்

கேரள எல்லையில் தமிழர்கள் வாழும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எந்தத் தமிழ்வழிப் பள்ளியின் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்க) கூட்டத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு தப்பாமல் வந்துவிடும். "பிள்ளைகளுக்கு லினக்ஸைச் சொல்லிக்கொடுத்து நேரத்தை வீணடிக்கிறார்கள். நாளைக்குப் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் போனால் அங்கே எல்லாம் விண்டோஸ்தானே?" கேட்பவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. எல்லை தாண்டிப் பிழைக்கப் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இருக்கத்தான் செய்யும். "சர்க்காருக்குப் பணம் மிச்சம்" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறவர்கள் மீதுதான் எரிச்சல்.

கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்விக்காக 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமானது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் போன்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-இல் கைட் சொன்னது. அந்தக் கணக்கில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. பட்டியல் விலைக்கு எல்லாவற்றையும் வாங்கியிருந்தால் என்று போட்ட கணக்கு அது. எந்த அரசு அப்படி வாங்கும்? எல்லைக்கு அந்தப் பக்கமும் லினக்ஸ் வந்துதான் பார்த்தது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் முதலில் விண்டோஸும், மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பாஸைத் திறந்து பார்த்தவர்கள் அபூர்வம்.

காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. நம் ஊரில் கட்டற்ற மென்பொருளைத் தலையெடுக்க விடாமல் வைத்திருப்பது திருட்டுப் பிரதிதான். கணினி வாங்கும்போதே கடைக்காரர் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்துவிடுகிறார். விலையுள்ளதே ஓசியில் கிடைக்கும்போது வேறொன்றை யார் தேடுவார்கள்? பழகியவன் நாளை அலுவலகம் வைத்தால் அதையேதான் காசு கொடுத்து வாங்குவான் என்பது விற்கும் நிறுவனங்களுக்கும் தெரியும்.

ஆனால் சட்டம் அப்படிக் கண்டும் காணாமல் இருக்கும்படி எழுதப்படவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவது குற்றம். குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார நோக்கம் இல்லையென்றால் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. கணினியில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்து அடித்துக் காசு வாங்கும் டி.டி.பி. கடைக்கு அந்தச் சலுகை எப்படிப் பொருந்தும்?

டி.டி.பி. என்றதும் என் பெரியப்பா மகனின் கடைதான் ஞாபகம் வருகிறது. தேர்த் திருவிழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை, சங்கக் கணக்கு என்று இந்தப் பகுதித் தமிழர்களின் பல வருடச் சங்கதிகள் அங்கே கோப்புகளாகக் கிடக்கின்றன. ஒரு மூலையில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்று இருக்கிறது. அதன் பின்புறம் பழைய பிரின்டர் போர்ட்டில், தீப்பெட்டி அளவில் ஒரு டாங்கிள், அதாவது மென்பொருளுக்கான சாவி. அந்தக் காலத்தில் முறையாக விலை கொடுத்து வாங்கிய இந்திய மொழி மென்பொருளோடு வந்தது அது. டாங்கிள் இல்லாமல் மென்பொருள் ஓடாது. மென்பொருள் இல்லாமல் கோப்பு திறக்காது. இப்போது டாங்கிள் செத்துவிட்டது. விற்ற நிறுவனத்தின் தொலைபேசி எண்ணும் உபயோகத்தில் இல்லை.

அதே கடையில் இன்னொரு வகைக் கோப்புகளும் உண்டு. யுனிகோடு வருவதற்கு முந்தைய வகையான பாமினி எழுத்துருவில் அடித்தவை. புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். மெய்யெழுத்தின் புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது போன சரக்கு இல்லை. எந்த விசைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பது ஊரறிந்த விஷயம் என்பதால் யாரோ புண்ணியவான்கள் அதை எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டுக்கு மாற்றும் நிரலை எழுதி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ஒட்டினால் நொடியில் தமிழாகிறது. ஓசியில் பரவிய எழுத்துருவில் அடித்தது பிழைத்துக்கொண்டது. காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் அடித்தது மண்ணாகிவிட்டது. பணம் மிச்சம் என்று பதில் சொல்கிறவர்கள் இந்தக் கடைக்கு ஒரு நடை வந்து பார்க்கட்டும்.

சட்டம் இங்கே யார் பக்கம்? பலரும் நினைப்பதற்கு மாறாக, பெரும்பாலும் அண்ணன் பக்கம். வேறு மென்பொருள்களோடு ஒத்து இயங்கத் தேவையான தகவல் எளிதில் கிடைக்காதபோது, முறையாக வாங்கியவர் அதை ஆராய்ந்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2012-இல் சேர்த்த 65ஏ, மென்பொருள் பூட்டை உடைப்பதற்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான். தன் கோப்பைத் தானே திறக்க முயல்கிறவரைச் சிறைக்கு அனுப்ப அந்தப் பிரிவு எழுதப்படவில்லை என்பது என் வாசிப்பு. சரி, அனுமதி இருக்கிறது. ஆராய்ந்து எடுக்கும் வித்தைக்கு கொழிஞ்சாம்பாறையில் எங்கே போவது? அனுமதிப்பதோடு சட்டம் நின்றுகொள்கிறது. கோப்பின் வடிவத்தை வெளியிடு என்று விற்றவரைக் கட்டாயப்படுத்துவதில்லை.

காப்புரிமையிலும் நம் சட்டம் மோசமில்லை. மென்பொருளுக்கு மென்பொருள் என்ற அளவில் காப்புரிமை கிடையாது என்பது காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு. 2004 டிசம்பரில் அவசரச் சட்டம் போட்டு அதைத் தளர்த்தப் பார்த்தார்கள். இடதுசாரிகள் நெருக்கியதில், 2005-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்தத் திருத்தம் இடம்பெறவில்லை. பிறகு வழிகாட்டு நெறிமுறைகள் என்ற பெயரில் கொஞ்சம் இறுக்குவதும் தளர்த்துவதுமாக இழுபறி: 2016-இல் புதிய வன்பொருளும் சேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள், 2017-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

மத்திய அரசும் தன் அலுவலகங்களுக்குத் யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த தரநிலைகளுக்கான கொள்கையை 2010-இலும், நிரல் வெளிப்படையாக உள்ள மென்பொருளுக்கான திறமூலக் கொள்கையை 2015-இலும் அறிவித்துவிட்டது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது.

எனவே பி.டி.ஏ.வில் விண்டோஸ் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இது. கட்டற்ற அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸில் கடிதம் அடிக்கப் பழகிய பிள்ளை எந்த அலுவலகத்திலும் சில நாளில் தேறிவிடும். மெனு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஒரு படிப்பா? கேட்க வேண்டியது வேறு. பள்ளிக் கணினியில் நம் பிள்ளைகள் தமிழ் அடிக்கிறார்களா? தமிழ் 99 விசைப்பலகையை யாராவது சொல்லித் தருகிறார்களா? தமிழ்வழிப் பிரிவுக்கு வரும் வினாத்தாளும் சுற்றறிக்கையும் தேடினால் கிடைக்கும் யுனிகோடில் இருக்கின்றனவா, படம் பிடித்து ஒட்டிய பி.டி.எஃப். ஆக இருக்கின்றனவா? அடுத்த கூட்டத்தில் இந்த மூன்றையும் எழுத்தில் கேட்கப் போகிறேன். கூட வர நினைப்பவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.