எத்தனை தடவைதான் ஒண்ணாம் நம்பர்?

1963-ல ஆரம்பிச்ச 'தி அமேசிங் ஸ்பைடர்-மேன்' காமிக்ஸ் 1998-ல 441-வது இதழோட நின்னுச்சு. 1999-ல மறுபடி முதல் இதழ். 2003-ல பழைய வாசகர்களுக்காக பழைய இதழ், புது இதழ் எல்லாத்தையும் கூட்டி 500-வது இதழ்னு போட்டாங்க. அப்புறம் 2014, 2015, 2018, 2022-ன்னு திரும்பத் திரும்ப ஒண்ணு. புதுசா படிக்க வர்ற பிள்ளை எந்த ஒண்ணை எடுக்கும்?

காரணம் வியாபாரம்தான். அமெரிக்க காமிக்ஸ் கடைக்காரர் பெரும்பாலும் விற்காததைத் திருப்பித் தர முடியாது. அதனால 37-வது இதழுக்குக் கையை இறுக்குறவர், முதல் இதழ்னா தாராளமா ஆர்டர் போடுவார். அதுலயும் ஒரே கதைக்கு ஏகப்பட்ட அட்டை. அத்தனையும் வாங்குறது பழைய சேகரிப்பாளர்தான். கணக்குல மட்டும் வாசகர் கூட்டம் பெருகின மாதிரி தெரியும். மூணாவது இதழ்லயே ஆர்டர் சரிஞ்சிடும்.

கதையிலும் இதே கூத்து. 1987-ல நடந்த பீட்டர் (அதான் ஸ்பைடர்-மேன்)-மேரி ஜேன் கல்யாணத்தை 2007-ல மெஃபிஸ்டோங்கிற சாத்தானை வெச்சு அழிச்சாங்க. நாயகன் இளமையா இருக்கணுமாம்! யாரோட இளமை? எழுபதுகள்ல படிச்சவங்களோடது. 2024-ல வந்த 'அல்டிமேட் ஸ்பைடர்-மேன்'ல பீட்டர் ரெண்டு பிள்ளைக்கு அப்பா. அது வித்த விற்பனைக்கு, முதல் இதழைத் திரும்பத் திரும்ப அச்சடிக்க வேண்டியதாச்சு.

பதிப்பாளர்களே, பல இதழ்களைச் சேர்த்துப் போடுற தொகுப்புப் புத்தகங்களோட முதுகுல, படிக்க வேண்டிய வரிசை எண்ணைத் தெளிவா போடுங்க. எந்தத் தொகுப்புல தொடங்கணும்னு பின்னட்டையில ஒரு வரி எழுதுங்க. இது ரெண்டுக்கும் பெரிய செலவே கிடையாது.