ஒரு கழித்தல் குறியும் கொலாட்ஸ் கணக்கும்

தங்கைக்கு என் மேல் கோபம். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் நேரத்தில் மகனின் மூளையைக் குழப்பிவிட்டேனாம். "அந்தக் கணக்கு வினாத்தாளில் வருமா அண்ணா?" என்று கேட்டாள். வராது.

கணக்கு இதுதான். ஓர் எண்ணை எடு. இரட்டையென்றால் பாதியாக்கு, ஒற்றையென்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. வரும் எண்ணுக்கும் அதையே செய். மருமகன் 26ஐ எடுத்தான். பத்தே படியில் 1. "இவ்வளவுதானா மாமா?" என்று நெளிந்தான். 27ஐக் கொடுத்தேன். விறாந்தையில் குந்தியிருந்து, கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கமெல்லாம் எழுதித் தள்ளினான். 9232 வரை ஏறி, 111ஆவது படியில்தான் அது 1இல் வந்து விழுந்தது. தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

"எல்லா எண்ணும் 1க்கு வருமா?"

"ஒருவருக்கும் தெரியாது."

ரியூசன் ஆசிரியருக்குத் தெரியும் என்று அடித்துச் சொன்னான். எனக்கு எரிச்சல் வந்தது இங்கேதான். கடந்தகால வினாத்தாள், புள்ளித்திட்டம், மறுபடி வினாத்தாள். யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை பத்து வயதுக்குள் ஆயிரம் கணக்குச் செய்துவிடுகிறது. அத்தனைக்கும் விடை யாரோ ஒருவரின் கொப்பியில் ஏற்கெனவே இருக்கிறது. கணிதம் என்றால் அதுதான் என்று அது நம்பாமல் வேறென்ன செய்யும்?

ஜெர்மானியக் கணிதவியலாளர் லோதர் கொலாட்ஸின் பெயரில் வழங்கும் கணக்கு இது. இரண்டின் 71ஆம் அடுக்கு வரை, அதாவது ஒரு 22 இலக்க எண் வரை கணினியில் ஓட்டிப் பார்த்தாயிற்று, ஒன்றும் தப்பவில்லை. ஆனால் அது நிறுவல் ஆகாது. 2019இல் டெரன்ஸ் டாவோ என்ற கணிதவியலாளர், ஏறக்குறைய எல்லா எண்களும் வெகு கீழே இறங்கிவிடும் என்று காட்டினார். அந்த 'ஏறக்குறைய' இன்னும் அப்படியே நிற்கிறது.

மறுநாள் மருமகன் ஓடிவந்தான். "மாமா, 5 வரவில்லை!" தாளில் 5, 14, 7, 20, 10, மறுபடி 5. ஒன்றைக் கூட்டுவதற்குப் பதில் கழித்திருக்கிறான். ரியூசனில் என்றால் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். ஆனால் பிள்ளை தடுக்கி விழுந்த இடம் சரியான இடம். கழித்தால் இப்படிச் சுற்றுகள் கிடைக்கின்றன. கூட்டினால் 4, 2, 1 தவிர வேறு சுற்றே கிடையாது என்று நிறுவ இதுவரை எவராலும் முடியவில்லை. அதைச் சொன்னதும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

இப்போது 17ஐக் கழித்தல் குறியோடு தொடங்கியிருக்கிறான். அதுவும் சுற்றித்தான் வரும், 18 படியில். நான் வாய் திறக்கவில்லை.