தொப்பூர் கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு மத்திய சிறை

தருமபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது; கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஆட்சியர் அலுவலகமும் மாவட்ட நீதிமன்றமும் தனித்தனியே வந்துவிட்ட பின்னும், நீண்ட தண்டனை பெறும் நம் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும் இன்றும் பழைய சேலம் ஜில்லாதான். 1862ஆம் ஆண்டில் உருவான சேலம் மத்திய சிறைக்குத்தான் அவர்கள் பெரும்பாலும் போகிறார்கள். நூற்றாண்டு கடந்த சிறைகளுக்கு மாற்றாகப் புதியவை கட்ட வேண்டும் என்று பேசப்படுகிறது; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கே கட்டுவது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதில்தான் கவலை; தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கென ஒரு மத்திய சிறை நம் பக்கமே வேண்டும் என்பது என் வாதம்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவருடன், சேலம் சிறையில் இருந்த அவர் மகனைப் பார்க்க மனு போடப் போயிருந்தேன். பென்னாகரத்தில் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, தருமபுரியில் வண்டி மாறி, சேலத்துக்குப் போகும் வழியில் உள்ள தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்ததால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்று, ஒருவழியாகச் சிறை வாசலை அடைந்தபோது மனு நேரம் முடிந்திருந்தது. வாசலில் இருந்த காவலரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு விதி அது. ஆதார் நகலைப் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்தபடி, “இனி அடுத்த வாரந்தானே தம்பி?” என்று மட்டும் அக்கா கேட்டார். பென்னாகரத்துக்கே இந்தக் கதி என்றால், இன்னும் தள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டியிலிருந்து புறப்படுபவரை நினைத்துப் பாருங்கள்.

சிறை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். 2002இல் தொடங்கிய நவீனமயமாக்கல் திட்டத்தின் 1,800 கோடி ரூபாயை மத்திய அரசும் மாநிலங்களும் 75க்கு 25 என்று பகிர்ந்துகொண்டன; புதிய சிறைகள் கட்டவும் அதில் வழி இருந்தது. 2021 முதல் 2026 வரையிலான திட்டமோ நாடு முழுமைக்கும் 950 கோடி, அதுவும் முக்கியமாகப் பாதுகாப்புக் கருவிகளுக்கு. ஆகவே கட்டடச் செலவு மாநிலக் கருவூலத்தின் தலையில்தான் விழும். கை கடிக்கும்போது ஊர் நடுவில் இருக்கும் பழைய நிலத்தின் மதிப்பு கண்ணை உறுத்தும். சிறை ஊருக்கு வெளியே எங்கோ ஒரு புறம்போக்குக்குத் தள்ளப்படும். 1837இல் தொடங்கிய சென்னை மத்திய சிறை 2006இல் புழலுக்குப் போனது. அங்கே இடம் விசாலம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கி நடந்தே மனுவுக்குப் போகும் வசதி அதோடு போயிற்று.

எத்தனை பேருக்குக் கட்டுவது என்பது அடுத்த கேள்வி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். ஓசூர் ஆலைக்கு வேலை தேடி வந்த வெளிமாநிலத் தொழிலாளி சிறு வழக்கில் மாட்டினால், ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடக்க நேர்கிறது. ஏழை விசாரணைக் கைதிக்குப் பண உதவி செய்யும் மத்திய அரசுத் திட்டம் 2023 முதல் இருக்கிறது; முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் பெரும்பாலான வழக்குகளில் பிணையில் விட வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு. இவற்றை ஒழுங்காகச் செயல்படுத்திய பிறகு மிஞ்சும் எண்ணிக்கைக்குக் கட்டினால் போதும். சுவருக்குப் போகாத பணம் மருத்துவருக்கும் காவலர் பணியிடங்களுக்கும் ஆண்டுதோறும் பயன்படும்.

என்னைக் கேட்டால், காரிமங்கலத்துக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் இடையில் நெடுஞ்சாலையை ஒட்டி இடம் தேடலாம். இரு மாவட்ட நீதிமன்றங்களுக்கும் கைதிகளைக் காவலுடன் அழைத்துச் செல்வது எளிது, கணவாயைக் கடக்கவும் வேண்டாம். நம் ஆழ்துளைக் கிணற்று நீரின் புளோரைடு என்ன செய்யும் என்பதற்கு நம் பெரியவர்களின் மஞ்சள் படிந்த பற்களே சாட்சி; ஆயுள் கைதி ஆண்டுக்கணக்கில் அந்த நீரையே குடிக்க வேண்டியிருக்கும். எனவே நிலம் ஒதுக்கும் அரசாணையிலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் இணைப்பையும் வாசலில் ஒரு பேருந்து நிறுத்தத்தையும் சேர்த்து எழுதிவிட வேண்டும்.